செக்போஸ்ட் வரைக்கும் நீ ஓட்டு

மூன்றாவது செக்போஸ்ட்டின் மஞ்சள் தடுப்பு தூரத்தில் தெரிந்ததுமே அவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? இரண்டு நாளாக நடக்கிற கூத்துதானே. இறங்கினான், ஹெல்மெட்டைக் கழற்றினான், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தான். பார்க்கிறவர்கள் இவன் காற்று வாங்க இறங்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொள்ள வேண்டுமாம்.

"செக்போஸ்ட் வரைக்கும் நீ ஓட்டு. நான் அப்படியே நடந்து வந்துடறேன். கால் மரத்துப்போச்சு."

மூன்று செக்போஸ்ட், மூன்று தடவையும் கால் மரத்துப்போகிறது. அதற்கு நடுவில் எண்பது கிலோமீட்டர் ஓட்டினாலும் மரத்துப்போகாத கால் அது! வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிக்கொண்டு அவள் முன் சீட்டுக்கு நகர்ந்தாள்.

"பின்னால உக்காந்துக்கோங்களேன். எதுக்கு வெயில்ல நடக்கணும்?"

"நல்லாருக்குமே! பொண்டாட்டி ஓட்ட, நான் பின்னால பொம்மை மாதிரி உக்காந்து வரணுமா? நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க?"

அந்த நாலு பேர் யார் என்று கல்யாணமாகி ஒன்பது வருஷமாக அவள் தேடிக்கொண்டிருக்கிறாள். இந்தத் தீவில் இவர்களைத் தெரிந்தவர் ஒருத்தர் கிடையாது. இருந்தாலும் அந்த நாலு பேர் படகேறி இவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். வெளியூர்க்காரர்கள் தீவில் வாடகை வண்டி ஓட்ட வேண்டுமென்றால் தனியாக ஒரு பர்மிட் எடுத்து வர வேண்டும். அவள் இரண்டு காலை வேளை லீவு போட்டு, போட்டோ ஒட்டி, வரிசையில் நின்று எடுத்தாள். அவனையும் கூப்பிட்டாள். "அங்க யார் கேக்கப்போறாங்க?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். இங்கே வந்து பார்த்தால் ஊருக்கு ஊர் கேட்கிறார்கள்.

துறைமுகத்துக்கு எதிரில் இருந்த வாடகை வண்டிக் கடைக்கார அம்மா கறாரான ஆள். பர்மிட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். நோட்டில் இவள் பெயரை எழுதினாள். "யார் பேர்ல பர்மிட் இருக்கோ அவங்கதான் ஓட்டணும். வேற ஆள் ஓட்டி மாட்டினா வண்டியை ஸ்டேஷன்ல போட்டுருவாங்க, சொல்லிட்டேன்" என்றாள். இவன் என்ன சொன்னான் தெரியுமா? "இவங்க டிரைவிங் ஸ்கூல் டீச்சர்ம்மா, நமக்கெல்லாம் வாத்தியார்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கடை கண்ணிலிருந்து மறைந்ததும் அவள் தோளைத் தட்டி, "சரி, இறங்கு" என்றான்.

அவளும் இறங்கினாள். அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. ஏன் இறங்கினாள்? முதல் நாளே சண்டை வேண்டாமென்று. "ரெண்டு நாள் நான், மூணாவது நாள் மலை ரோடு முழுக்க உனக்கு, சத்தியமா" என்று அவன் சொன்னான் என்று. சத்தியம் என்றதும் இளகிவிடுகிற மனசை எந்த ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துச் சரிசெய்வது?

பதினோரு வருஷமாக அவள் டூவீலர் சொல்லிக்கொடுக்கிறாள். பெண்கள் மட்டும் படிக்கிற காலை வகுப்பு. அறுநூறு பேருக்கு மேல் அவளிடம் படித்துப் போயிருக்கிறார்கள். பதினோரு வருஷமும் அவள் உட்கார்ந்திருந்தது பின் சீட்டில். மைதானத்தில் எட்டு போடும்போதும் பின்னால், மார்க்கெட் ரோட்டில் நடுங்கிக்கொண்டு போகிறவளுக்கும் பின்னால். வீட்டில் இருக்கிற ஒரே வண்டியை அவன் ஆபீசுக்கு எடுத்துப்போகிறான். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனால் அதிலும் அவள் பின்னால்தான். ஒரு ரோட்டை இந்த முனையில் தொடங்கி அந்த முனை வரைக்கும் தன் கையால் ஓட்டிப் போனதே இல்லை. சொன்னால் வெட்கக்கேடு.

அவளிடம் படித்த நர்ஸ் ஒருத்திதான் இந்தத் தீவின் மலை ரோட்டை போனில் காட்டினாள். முப்பத்திரண்டு வளைவு. கீழே தென்னந்தோப்பில் தொடங்கி, மழைக்காடு வழியாக ஏறி, உச்சியில் இரண்டு பக்கமும் கடல் தெரிய நின்று, மறுபக்கம் துறைமுகத்தில் போய் இறங்குகிற ரோடு. அன்று பிடித்தது கிறுக்கு. ஓட்டல் வேண்டாம், கார் வேண்டாம், முதுகில் ஆளுக்கொரு பை, வழியில் கிடைக்கிற விடுதியில் அடுக்குக் கட்டில், மூன்று நாள் தீவைச் சுற்றி, கடைசியில் மலை. திட்டம் முழுக்க அவளுடையது. மறுநாள் காலை படகு. இன்று சாயங்காலம் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மலை இன்றைக்கு இல்லையென்றால் இல்லைதான்.

தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் பர்மிட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பின்னால் வெயிலில் கையை வீசிக்கொண்டு வருகிறவனைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரரா? நல்லா நடக்கிறாரே."

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார் சார்" என்றாள் அவள். அவனுக்காகப் பொய் சொல்கிறோமே என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. தன் மேலேயே எரிச்சல் வந்தது.

தடுப்பைத் தாண்டி, போலீஸ்காரர் கண்ணில் படாத திருப்பத்தில் அவன் வந்து சேர்ந்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஹேண்டில்பாரில் கை வைத்தான்.

"இன்னைக்கு என் நாள்" என்றாள்.

"மலைதானே உனக்குச் சொன்னேன்? இது பீச் ரோடு. மலை வரட்டும், தர்றேன்."

தருகிறாராம்! யார் பெயரில் எழுதின வண்டியை யார் யாருக்குத் தருவது? அவள் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அவன் பை கேரியரில் ஜம்மென்று கட்டியிருந்தது. அவள் பை அவள் முதுகில்.

பீச் ரோட்டில் காற்று மணலை வாரித் தார் மேல் போட்டிருந்தது. திருப்பங்களில் மெல்லிசாகப் படிந்திருக்கும், பார்த்தால் தெரியாது. மணலில் முன் பிரேக்கைத் தொடாதே என்பது அவள் மூன்றாவது வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாடம். இவன் வேகமாகப் போய்த் திருப்பத்தில் தடுமாறப்போகிறான் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. வண்டி ஓடும்போது ஓட்டுகிறவரைத் திட்டக் கூடாது, கத்தக் கூடாது, வண்டி நின்ற பிறகுதான் பேச்சு என்பது அவளுடைய பள்ளிக்கூடத்துச் சட்டம். காதுக்குப் பக்கத்தில் கத்தினால் தெரிந்தவனும் விழுவான். அந்தப் பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அவன் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். சக்கரம் வழுக்கியது. வண்டி இடதுபக்கமாகச் சாய்ந்து, பத்தடி உரசிக்கொண்டு போய் நின்றது.

அவளுடைய முழங்கை தாரில் தேய்ந்து ரத்தம் வந்தது. முதுகில் பை இருந்ததால் முதுகு தப்பியது. அவனுக்கு ஒரு கீறல் இல்லை. எழுந்ததும் முதலில் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு வண்டியைப் பார்த்தான். இடதுபக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. அதற்கும் பிறகுதான் அவள் இருந்த பக்கம் திரும்பினான்.

"என்ன நீ, பின்னால உக்காந்து அந்த ஆட்டு ஆட்டுற? பேலன்ஸ் போயிடுச்சு பாரு."

"நான் ஆட்டினேனா?"

"பின்ன? திருப்பத்துல அசையாம இருக்கணும்னு ஒரு டீச்சருக்குத் தெரிய வேணாம்?"

உடம்பெல்லாம் அவளுக்குத் திகுதிகு என்று எரிந்தது. இரண்டு பேருமாக வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். அரை கிலோமீட்டரில் ஒரு டீக்கடை இருந்தது. அங்கிருந்து பார்த்தால் மலை ஏறுகிற இடமும், அதன் வாசலில் நாலாவது செக்போஸ்ட்டும் தெரிந்தன.

டீக்கடை அம்மா முழங்கையைப் பார்த்ததும் "அடக் கடவுளே" என்று சொல்லிக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். சுத்தமான துணி கொடுத்தாள். காயத்தில் தண்ணீர் பட்டதும் அவளுக்கு உயிர் போய் வந்தது. அப்போதுதான் பையில் இருந்த போன் விடாமல் டிங் டிங் என்றது. ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தாள். குடும்ப குரூப். அவன் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான், நாலு நிமிஷத்துக்கு முன்னால்.

"எல்லாருக்கும் ஒரு முக்கியச் செய்தி! நம்ம டிரைவிங் ஸ்கூல் டீச்சர் இன்னைக்கு வண்டியைக் கீழ போட்டுட்டாங்க! பின்னால உக்காந்திருந்த நான் தப்பிச்சதே பெரிய விஷயம். யாரும் பயப்படாதீங்க, வண்டிக்குத்தான் காயம்!" அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு.

கீழே வரிசையாகப் பதில்கள். கொழுந்தன், "ஸ்கூலை மூடிடலாமா அண்ணி?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை பத்து போட்டிருந்தான். ஓரகத்தி, "அடுத்த மாசம் என் தங்கச்சியச் சேக்கலாம்னு இருந்தேன், இனி யோசிக்கணும் போல" என்று எழுதியிருந்தாள். மாமியார், "என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?" நாத்தனார் மட்டும், அவனுக்கு மூன்று வயது மூத்தவள், "கைகாலெல்லாம் சரியா இருக்காம்மா?" என்று இவளைக் கேட்டிருந்தாள்.

அவள் இரண்டாவது தடவையும் அந்த வாய்ஸைக் கேட்டாள். அறுநூறு பெண்கள். அதில் ஒருத்திகூட அவள் பின்னால் இருக்கும்போது ரோட்டில் விழுந்தது கிடையாது. அவள் ஓட்டி வண்டி விழுந்தது ஒரு தடவைகூட இல்லை. ஊரில் அவளுக்கு இருக்கிற பெயரே அதுதான். "அந்த டீச்சர்கிட்ட விடு, பயமில்ல" என்பார்கள். அதை இவன் டீ வருவதற்குள் நாலு நிமிஷத்தில் தின்று தீர்த்துவிட்டான்.

நேராகப் போய் அவன் எதிரில் நின்றாள். அவன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"வண்டியப் போட்டது யாரு?"

"அட, சும்மா விளையாட்டுக்கு."

"யாரு?"

"இங்க பாரு, நான் விழுந்தேன்னு சொன்னா அம்மாவுக்கு பி.பி. ஏறிடும். நீன்னா அவ்வளவா பயப்பட மாட்டாங்கல்ல, அதுக்காகத்தான்."

இதைச் சொல்கிறோமே என்று ஒரு கூச்சம் அவன் முகத்தில் இருக்க வேண்டுமே, இல்லை. வீட்டில் ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று சொல்வது மாதிரிச் சொன்னான்.

"இப்ப அதே குரூப்ல நிஜத்தச் சொல்லுங்க. நீங்க ஓட்டினீங்க, நீங்க போட்டீங்க, எனக்கு அடி. மூணே விஷயம்."

"இதப்போய் பெருசு பண்றியே. ஊருக்குப் போய்ச் சொல்லிக்கலாம், வா. டைமாச்சு. செக்போஸ்ட் வரைக்கும் நீ ஓட்டு."

"மலை?"

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு மலையா? உன்னால முடியாதும்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கையை உடைத்தவனே கை சரியில்லை என்கிறான்! அவள் திரும்பி டீக்கடை அம்மாவிடம் போனாள். இங்கிருந்து துறைமுகத்துக்கு பஸ் உண்டா என்று கேட்டாள். நாலு மணிக்கு உண்டு, செக்போஸ்ட்டிலேயே நிற்கும் என்றாள் அந்த அம்மா. முழங்கையில் துணியை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டிவிட்டாள். "மடக்கிப் பாரு" என்றாள். மடக்கினாள். எரிந்தது, ஆனால் மடங்கியது. கிளட்சைப் பிடிக்க அது போதும்.

நாலாவது செக்போஸ்ட்டில் வழக்கம்போல அவள் பர்மிட்டைக் காட்டினாள். வழக்கம்போல அவன் பின்னால் நடந்து வந்தான். தடுப்பைத் தாண்டியதும் அவள் வண்டியை நிறுத்தினாள். கேரியரில் இருந்த அவன் பையின் கயிற்றை அவிழ்த்தாள். அவன் வந்து ஹேண்டில்பாரை நோக்கிக் கையை நீட்டினான்.

"இங்கயிருந்து நான்தான் ஓட்டறேன். ஏறுறதுன்னா பின்னால ஏறுங்க."

"விளையாடாத."

"ஒன்பது வருஷமா நான் உங்க பின்னால உக்காந்து வர்றேன், எனக்கு ஒண்ணும் தேயல. ஒரு மணி நேரம் என் பின்னால உக்காந்தா உங்களுக்கு என்ன தேஞ்சிடும்? ஏறுங்க."

அவன் செக்போஸ்ட் பக்கம் திரும்பிப் பார்த்தான். இரண்டு போலீஸ்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அவங்க பாக்கறாங்க. அசிங்கப்படுத்தாத. கொஞ்சம் தள்ளிப் போய் இறங்கு."

"இறங்க மாட்டேன்."

"உன் பின்னால நான் ஏற மாட்டேன்."

"அப்ப நாலு மணிக்கு பஸ்." பையைத் தரையில் வைத்தாள். அதன் மேல் தண்ணீர் பாட்டிலையும் வைத்தாள். "துறைமுகத்துல பாக்கலாம்."

அவன் என்னவோ கத்தினான். காதில் விழவில்லை. முதல் கியர், இரண்டாவது கியர், முதல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு வசவு வந்தது. பாதி அவனுக்கு, பாதி தனக்கு. இறங்கு என்றதும் இறங்கினாயே, கேட்டதும் கொடுத்தாயே, டாக்டர் நடக்கச் சொன்னார் என்று வேறு சொன்னாயே! ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டே திட்டினாள். மரத்து நிழலும் ஈர மண் வாசனையும் கடந்து போயின. அவள் கவனிக்கவில்லை. இவ்வளவு ஆசைப்பட்ட ரோட்டை இப்படியா ஓட்ட வேண்டும் என்று அதற்கும் கோபம் வந்தது.

பதினோராவது வளைவில் ரோட்டோரம் அகலமாக இருந்தது. வண்டியை நிறுத்தி, போனை எடுத்தாள். சிக்னல் இருந்தது. அவனிடமிருந்து ஒன்பது அழைப்புகள். அதை விட்டுவிட்டுக் குரூப்பைத் திறந்து பேசினாள். முதலில் பேசியதில் முக்கால்வாசி திட்டு, அதை அழித்தாள். இரண்டாவது தடவை வகுப்பில் பேசுகிற குரலில் பேசினாள்.

"வண்டிய நான் போடல. ஓட்டினது அவரு. மணல்ல முன் பிரேக்கப் பிடிச்சாரு, விழுந்தோம். அடி எனக்கு. இப்ப நான் தனியா மலை ஏறிக்கிட்டு இருக்கேன். அவரு பஸ்ல வருவாரு. தங்கச்சியச் சேக்க யோசிக்கணும்னு ஒருத்தர் சொன்னீங்களே, நல்லா யோசிச்சுக்கோங்க."

அனுப்பிவிட்டாள். இரண்டு நிமிஷத்தில் போன் அடித்தது. அவனாக இருக்கும் என்று வெட்டப் போனவள் பெயரைப் பார்த்து எடுத்தாள். நாத்தனார்.

"அக்கா, நீங்களும் சமாதானம் பேசாதீங்க. நான் கேக்கற நிலைமைல இல்ல."

"சமாதானம் பேசல." நாத்தனாரின் குரலுக்குப் பின்னால் பஸ் சத்தம் கேட்டது. லேப் வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறவள் அவள். "நீ போட்ட வாய்ஸை அழிக்கச் சொல்லி அவன் கெஞ்சுவான். அழிச்சிடாத. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"அழிக்க மாட்டேன்."

"எனக்குப் பத்தொன்பது வயசுல எங்கப்பா ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். எனக்குன்னு. லைசன்ஸும் எடுத்துட்டேன். ரெண்டாவது வாரம் அவன் யாருக்கும் தெரியாம எடுத்துட்டுப் போய் சுவத்துல இடிச்சிட்டான். வீட்டுல வந்து, இடிச்சது அக்காதான்னு சொல்லிட்டான். சின்னப் பையன், அப்பா பெல்ட்ட எடுத்துடுவாரேன்னு நானும் வாயத் திறக்கல. மறுநாளே அப்பா வண்டிய வித்துட்டார். பொட்டச்சிக்கு எதுக்கு வண்டின்னார். அதோட சரி. இருபத்திநாலு வருஷமா பஸ்ல தொங்கறேன்."



"இத ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு நம்புவாங்கன்னு நினைச்சேன். இப்ப சொல்லிட்டேன். குரூப்பப் பாரு."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நாத்தனார் எழுதியிருந்தாள்: "வண்டியைப் போட்டது அவன்தான். இதையும், அப்பா எனக்கு வாங்கின ஸ்கூட்டரையும்." கீழே மாமியார் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. வெகுநேரம் காட்டியது. கடைசியில் வந்தது.

"எனக்கு அன்னைக்கே தெரியும். பழசையெல்லாம் இப்ப எதுக்குக் கிளர்றீங்க?"

அவள் இரண்டு தடவை படித்தாள். தெரியுமாம். இருபத்திநாலு வருஷமாகத் தெரிந்துகொண்டே மகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுத்து பஸ்ஸுக்கு அனுப்பியிருக்கிறாள். பாவிப் பெண்மணி! கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினாள். அந்த அத்துவானக் காட்டில் கேட்க யாருமில்லை, போனில் இருந்தவளைத் தவிர.

"நானும் படிச்சிட்டேன்" என்றாள் நாத்தனார். பஸ் எங்கோ நின்று, மறுபடி கிளம்புகிற சத்தம் கேட்டது. அழுகிறாளா என்று இவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா..."

"எத்தனை வளைவு அந்த மலையில?"

"முப்பத்திரண்டு. பதினொண்ணு முடிஞ்சிருக்கு."

"மீதியையும் ஓட்டு. போன வெக்காத. அப்படியே சட்டைப் பையில போட்டுக்கோ."

"பேச முடியாதேக்கா."

"பேச வேணாம். வண்டிச் சத்தம் கேட்டாப் போதும் எனக்கு."

அவன் அழைப்பு நடுவில் வந்து வந்து போனது. அவள் போனைச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானைப் பூட்டிக்கொண்டாள். வண்டியைக் கிளப்பினாள். "கிளம்பறேன்க்கா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, பன்னிரண்டாவது வளைவில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கித் திரும்பினாள்.